நிற்கும் என்று நான் சொன்ன எஞ்சின்

போன வாரம் என் பழைய கராஜுக்கு வந்து ஒரு மூலையில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்டவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? அப்போது ஹைபிரிட் காரோடு வந்த ஒரு டீச்சர், இங்கே வேலை பழகுகிற உங்களில் ஒருவரிடம் கேட்டார். "தம்பி, இது பெட்டரியில ஓடுற கார்தானே? காலையில ஸ்டார்ட் பண்ணினதும் எதுக்குப் பெட்ரோல் எஞ்சின் ஓடுது?" அதற்குக் கிடைத்த பதில்: "அது அப்படித்தான் டீச்சர். கொஞ்ச நேரத்துல தானா நிக்கும்."

எனக்கு டீ தொண்டையிலேயே நின்றுவிட்டது. சொன்னது யார் என்று பெயர் சொல்ல மாட்டேன். திட்டவும் எனக்கு யோக்கியதை கிடையாது. அதே கேள்விக்கு அதே பதிலை, அட, அதே சொற்களில், இதே சிமெந்துத் தரையில் நின்று நானும் ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலை நம்பி ஒரு மனிதன் சாகப் பார்த்தான். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உங்களையெல்லாம் உட்கார வைத்திருக்கிறேன். ஸ்கேனரை மேசையில் வையுங்கள். போனைப் பைக்குள் போடுங்கள். யாராவது நடுவில் கொட்டாவி விட்டால் எழும்பிப் போய்விடுவேன், ஆமாம்.

முதலில் என் கைப்பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பதுளையில் கராஜ் வைத்திருந்தவனுக்குச் சோறு போட்டது தோட்டத்து லொறிகள்தான். கீழே வெல்லவாயப் பக்கமிருந்து பெரகல ஏற்றத்தில் சுமையோடு ஏறுகிற லொறி பாதி வழியிலேயே கொதித்துவிடும். டிரைவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வழியோரப் பீலித் தண்ணீர் தேடி அலைவார். அதற்கு மலைநாட்டு மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம், தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கோழி முட்டை அளவு வால்வு அது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிக்கொண்டிருக்கும், சூடானதும் திறக்கும். பழுதாகி மூடியபடியே இறுகிவிட்டால் வண்டி கொதிக்கும். இருந்தால்தானே வம்பு, ஆளையே எடுத்துவிடு என்பது எங்கள் சட்டம். எனக்குத் தொழில் காட்டியவரும் அப்படித்தான். "குளிர் நாட்டுக்காரன் அவன் ஊருக்குச் செஞ்சது. நம்ம ஏத்தத்துக்கு இது எதுக்கு?" என்பார்.

அந்த ஒரு வேலையில் எனக்குப் பெயரும் வந்தது. கொதிக்காத வண்டி வேண்டுமென்றால் பதுளைக்குப் போ என்று டிரைவர்மார் பேசிக்கொள்வார்கள். கழற்றிய வால்வுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தேன். வருகிறவர்களுக்குத் தகரத்தைக் குலுக்கிக் காட்டுவேன். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு.

இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்களில்தான் ஹைபிரிட் கார்கள் எங்கள் பக்கம் ஏற ஆரம்பித்தன. நான் தொட்ட முதல் ஹைபிரிட் ஒரு டாக்டரம்மாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளை ஆஸ்பத்திரியில் வேலை. தெமோதரைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்த ஒரு பழைய தோட்டத்து பங்களாவை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். அவருடைய டிரைவர் சந்தனம். நமுனுகுல பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தோட்டத்து டிராக்டர் ஓட்டி, பிறகு இங்கே வந்தவர். நாற்பது வயதிருக்கும். பங்களாவின் பின்னறையில் தங்குவார், மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போவார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். டயருக்கு இவ்வளவு காற்று என்று சொன்னால் அதில் ஒரு இம்மி கூடவும் குறையவும் விடமாட்டார்.

கார் வந்த முதல் மாதமே டாக்டரம்மா கேட்டார். ஊரில் மெக்கானிக்கை எல்லாரும் கூப்பிடுகிறபடி அவரும் என்னைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பாஸ் இது? பற்றரியிலை ஓடுற கார் எண்டுதானே வாங்கினனான். காலமை ஸ்டார்ட் பண்ணின உடனை பெற்றோல் எஞ்சின் ஏன் ஓடுது?"

எனக்குத் தெரியாது. ஸ்டார்ட் செய்ததும் ஓடும், ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷத்தில் நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். தெரியாது டாக்டர், விசாரித்துச் சொல்கிறேன் என்றால் என் தலையில் இருந்த கிரீடம் விழுந்து உடைந்துவிடுமா? ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

"அது அப்படித்தான் டாக்டர். கொஞ்ச நேரத்துல தானா நிக்கும்" என்றேன். அதோடு விட்டேனா? பக்கத்தில் நின்ற சந்தனத்தைப் பார்த்து, "எஞ்சின் நின்ன பொறகுதான் வண்டிய வெளிய எடுக்கணும். வெளங்குதா? அதுவரைக்கும் பொறுமையா உக்காரணும்" என்று நானே ஒரு சட்டமும் போட்டேன். அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நிற்கும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் இன்னொருவனைக் கெடுத்தது.

சந்தனம் தலையை ஆட்டினார். "சரிங்க பாஸ்."

கார்த்திகை மாதம் அந்தக் கார் என்னிடம் திரும்பி வந்தது. வெல்லவாய போய்த் திரும்புகையில் பெரகல ஏற்றத்தில் சூடு விளக்கு எரிந்திருக்கிறது. பார்த்தால் ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸில் வெடிப்பு. தண்ணீர் ஒழுகி வற்றியிருக்கிறது. ஹோஸை மாற்றினால் கதை முடிந்தது. மாற்றினேன். ஆனால் பெரகல, ஏற்றம், சூடு என்ற மூன்று சொல்லும் காதில் விழுந்த பிறகு என் கை சும்மா இருக்குமா? அது பாட்டுக்குப் போய்த் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நல்ல, புத்தம் புது வால்வு, ஒரு குறையும் இல்லை. தகரத்துக்குள் போட்டேன். டாக்டரம்மாவிடமோ சந்தனத்திடமோ சொல்லவில்லை. லொறிக்காரர்களுக்கும் நான் சொல்வதில்லையே.

ஸ்டார்ட் செய்து பார்த்தேன். பதுளையில் அன்று மதியம் நல்ல வெயில். எஞ்சின் ஓடியது, கொஞ்சம் பொறுத்து நின்றது. சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். பதுளை வெயிலில் பார்த்த வேலைக்குத் தெமோதரை மழையில் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை.

மார்கழி பிறந்து அடைமழை. ஒரு நாள் காலை ஏழு மணி ஆகவில்லை. கராஜின் இரும்புக் கதவைத் தூக்கிவிட்டு, கையில் பனிஸும் டீயுமாக நிற்கிறேன். போன் அடித்தது.

"பாஸ், சந்தனம் பேசுறேங்க. டாக்டரம்மாவுக்கு நைட் டியூட்டி, ஏழரைக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வரணும். எஞ்சின் இன்னும் நிக்கலீங்க."

"எவ்வளவு நேரமா ஓடுது?"

"இருபது நிமிசத்துக்கு மேல இருக்குங்க."

"குளிரா இருக்குல்ல. கொஞ்சம் கூடத்தான் எடுக்கும். பொறு, நிக்கும்."

"சரிங்க. மழை சாத்துது பாஸ். காத்து ஷெட்டுக் கதவைத் தூக்கி அடிக்குது. உள்ளால கொண்டி போட்டுட்டுக் கார்லயே ஹீட்டரப் போட்டு உக்காந்திருக்கேன். தலதான் கொஞ்சம் வலிக்குது."

"பனிக்காத்து பட்டிருக்கும். போய் ஒரு டீயக் குடி. நான் சொல்றேன்ல, நிக்கும்யா."

"சரிங்க பாஸ்" என்றார். குரல் கொஞ்சம் இழுத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

பனிஸைத் தின்று முடித்தேன். ஆமாம், தின்று முடித்தேன். அதை மறைத்தால் இந்தக் கதையைச் சொல்லவே கூடாது. பிறகு முதல் நாள் விட்ட வேலையை எடுத்தேன். ஒரு கிளிப் தேவைப்பட்டது. பிஸ்கட் தகரத்துக்குள் கையை விட்டேன். கறுத்து, துருப்பிடித்த பழைய வால்வுகளுக்கு மேலே பளபளவென்று அந்தப் புது வால்வு கிடந்தது.

கை அப்படியே நின்றது. வால்வு இல்லை. தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். கிடைக்கிற கொஞ்சச் சூட்டையும் ஹீட்டர் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் சூடாகாது. சூடாகாவிட்டால் நிற்காது. கதவு பூட்டியிருக்கிறது. தலை வலிக்கிறது என்றானே பாவி. நான் டீ குடிக்கச் சொன்னேனே!

போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேளுங்கள். போன் அடித்து ஓய்ந்ததும் என் கால் நேரே மோட்டார் சைக்கிளுக்குப் போனது. சாவியைப் போட்டு உதைக்கக் காலைத் தூக்கிவிட்டேன். எத்தனை பெரிய மனசு, ஆளைக் காப்பாற்ற ஓடுகிறான் என்று நினைப்பீர்கள். கிடையாது. நானே போனால் நானே கதவைத் திறக்கலாம், நானே வால்வைத் திரும்பப் போட்டுவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. மனசு அப்படித்தான் கணக்குப் போட்டது. அந்த மழையில் தெமோதரைக்கு ஏறிப் போக இருபத்தைந்து நிமிஷம் வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறதா? தூக்கிய காலைக் கீழே வைத்தேன். போனை எடுத்து, பங்களாவைச் சுற்றியிருந்த தோட்டத்து டிவிஷன் கங்காணியின் நம்பரைத் தேடினேன். தோட்டத்து டிராக்டர் என்னிடம் வருவதால் அந்த நம்பர் இருந்தது. பங்களாவுக்கு நேர் கீழேதான் அவர்களுடைய பெரட்டுக் களம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் அங்கே கூடி நிற்கிற நேரம்.

"பாஸ், பெரட்டுல நிக்கிறேன். பேர் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். பொறவு எடுக்கிறேனே."

"வைக்காதீங்க கங்காணி! டாக்டரம்மா பங்களா கார் ஷெட்டுக்கு ஓடுங்க. சந்தனம் உள்ள மயங்கிக் கெடக்கிறான். கதவ ஒடைங்க!"

"என்னாங்க பாஸ் சொல்றீங்க? யாரு ஒங்களுக்குச் சொன்னா?"

"கேள்வி கேக்காதீங்கய்யா! கார்ப் புகை உள்ள நெறைஞ்சிருக்கு. மூச்சப் புடிச்சிக்கிட்டுப் போய் இழுத்து வெளிய போடுங்க. யாரும் உள்ள நிக்கக் கூடாது. ஓடுங்க, ஓடுங்க!"

அவர் போனைத் துண்டிக்கவில்லை. கங்காணி கத்துவது கேட்டது. பெண்கள் கத்துவது கேட்டது. காலடிகள், மழை, பிறகு ஒன்றுமில்லை. நான் அந்த வால்வைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

அந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று ஒரு வளைவும் முடிவதாக இல்லை. வழியில் பைக்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. நிறுத்த நேரமில்லை என்பது ஒரு காரணம். எடுத்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் பெரிய காரணம். முருகா, அவன் கண்ணைத் திறக்கட்டும், இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று வாய்விட்டுக் கும்பிட்டுக்கொண்டே ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது ஷெட்டின் ஒரு கதவு பெயர்ந்து கிடந்தது. சந்தனத்தைப் புல்லில் கிடத்தி, மேலே ஒரு மழைப் படங்குத் துணியைப் பிடித்துக்கொண்டு கொழுந்து பறிக்கிற பெண்கள் நான்கைந்து பேர் மழையில் நின்றார்கள். வாந்தி எடுத்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. மூச்சு இருந்தது. 

ஷெட்டுக்குள் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அதை நிறுத்தி, காரை வெளியே தள்ள வைத்தேன். வேறு வாகனம் வரக் காத்திருக்க முடியாது. அந்தக் காரிலேயே அவரைப் பின்சீட்டில் ஏற்றி, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டத் தயாரானேன். அப்போது கங்காணி குனிந்து என் காதோடு சொன்னார்.

"உள்ளால கொண்டி போட்டிருந்தான் பாஸ். காரையும் ஓட விட்டுட்டு... மனுசனுக்கு என்னா கஷ்டமோ. வெளிய காட்டிக்காதவன்."

பின்னால் நின்ற பெண்களும் அதையேதான் பேசிக்கொண்டார்கள். எங்கள் தோட்டங்களில் ஒரு ஆள் இப்படிக் கிடந்தால் முதலில் வருகிற நினைப்பு அதுதான். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லை கங்காணி, தப்பு என்னுடையது என்று நான்கு சொல். ஆளை ஏற்றிப் போவதுதான் இப்போது முக்கியம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். உண்மைக்குப் பின்னாலும் மனிதன் ஒளிந்துகொள்ள முடியும், பிள்ளைகளே. நான் ஒளிந்தேன்.

ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தார் என்று மட்டும் சொன்னேன், ஒட்சிசன் வைத்தார்கள். வீட்டுக்குப் போகக் கார் வரும் என்று காத்திருந்த டாக்டரம்மா, அதே காரில் தன் டிரைவர் கிடப்பதைப் பார்த்தார். கட்டிலோடு உள்ளே ஓடியவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

"உயிருக்கு இனிப் பயமில்லை" என்றார்.  பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பாஸ், உங்களோடை நல்லாக் கதைக்கிற மனுசன். வீட்டிலை ஏதும் பிரச்சினை எண்டு சொன்னவரோ? கங்காணி போனிலை சொன்னவர், கதவை உள்ளாலை பூட்டினவராம். பொலிசும் கேக்குது. நான் பாவம் பாக்கிறன்தான், ஆனா இப்பிடி ஒரு ஆளை நம்பி இனிக் காரைக் குடுக்க ஏலாதெல்லோ?"

"தெரியாது டாக்டர்" என்றேன். அந்த ஒரு நாள் மட்டும் அந்தச் சொல் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்.

அதற்குள் சந்தனத்தின் சம்சாரம் பாக்கியம் நமுனுகுலவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். யார் என்ன சொல்லி அனுப்பினார்களோ, வரும்போதே நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தார். வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"நான் என்னா கொற வச்சேன் சாமி? ஒரு சண்ட இல்ல, ஒரு பேச்சு இல்ல. போன ஞாயித்துக்கெழம சிரிச்சிக்கிட்டுத்தானே பஸ் ஏறினாரு. இப்படி விட்டுட்டுப் போகப் பாத்தாரே. இனி அந்த லயத்துல நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?"

உள்ளே ஒருவன் உயிரோடு இருக்கிறான். வெளியே அவன் பெயர் செத்துக்கொண்டிருக்கிறது. கண் விழிக்கும்போது அவனுக்கு வேலை இருக்காது. சாகப் பார்த்தவன் என்று பெண்சாதியே அவனைப் பார்ப்பாள். அவன் இல்லை என்று சொன்னாலும் எவன் நம்புவான்? கொண்டி உள்ளே போட்டிருந்ததே. இதை மாற்றக்கூடிய ஒரே சாட்சி என் சட்டைப் பைக்குள் கிடந்தது. அதை வெளியே எடுத்தால் என் கராஜ் போகும், பெயர் போகும், பொலிஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் போகும். பொய் சொல்லவில்லை, நான் வாசல் பக்கம் நான்கைந்து எட்டு நடந்துவிட்டேன். பாக்கியத்தின் குரல் பின்னாலேயே வந்தது. "என்னா கொற வச்சேன்?" அதற்கு மேல் கால் போகவில்லை.

திரும்பி வந்து அந்த வால்வை டாக்டரம்மாவின் கையில் வைத்தேன்.

"டாக்டர், இது உங்க கார்ல இருக்க வேண்டியது. கேக்காம நான்தான் கழட்டினேன். இது இல்லாததாலதான் எஞ்சின் நிக்கல. நிக்கிறவரைக்கும் உள்ள உக்காருன்னு சொன்னவனும் நான்தான். காலையில போன் பண்ணினான். தல வலிக்குதுன்னு சொன்னான். அப்பவும் பொறுன்னுதான் சொன்னேன். சந்தனம் சாகப் பாக்கல டாக்டர். நான்தான் கொல்லப் பாத்தேன்."

அவர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இதை ஏன் வந்த உடனை சொல்லேல்லை?"

"பயம் டாக்டர்."

"புகை எண்டு தெரிஞ்சாத்தான் எங்களுக்கு வைத்தியம் செய்ய லேசு. நல்ல காலம், நிறத்தைப் பாத்தே விளங்கீட்டுது. விளங்காம விட்டிருந்தா? வேறை எதையோ குடிச்சிட்டார் எண்டு நினைச்சு நேரத்தை விட்டிருந்தா?" வால்வை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பிழை விடுறது ஆருக்கும் வரும். ஆள் படுக்கையிலை கிடக்கேக்கை பிழை விட்டவன் வாயை மூடிக்கொண்டு நிக்க ஏலாது. எங்கடை தொழிலிலையும் அதுதான், உங்கடையிலையும் அதுதான்."

என்னைத் தாண்டிப் போய்ப் பாக்கியத்துக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார். "அம்மா, அழாதேங்கோ. உங்கடை மனுசன் ஒண்டும் செய்யேல்லை. காரிலைதான் பிழை. என்னைக் கூப்பிட வரத்தான் வெளிக்கிட்டவர்." பாக்கியம் டாக்டரம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே விளக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரிப் பொலிஸிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அன்றே கங்காணிக்கும் போன் போட்டுச் சொன்னேன்.  அவர், "பெரட்டுல எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடுறேன் பாஸ். அவன் பேரு கெடக் கூடாது" என்றார்.

பின்னேரம் சந்தனத்தைப் பார்க்க விட்டார்கள். முகமூடியை எடுத்திருந்தார்கள். நான் கட்டில் ஓரம் நின்று என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவன், கடைசியில் கேட்டது இதைத்தான்.

"தல வலிச்சப்பவே வெளிய வந்திருக்கலாமேய்யா. ஏன் வரல?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நிக்கும்னு நீங்க சொன்னீங்களே பாஸ்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. காரணத்தைக் கேட்டேன், சொன்னார், அவ்வளவுதான். நான் அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பல மாதம் தோட்டத்து லொறிகள் என் கராஜ் பக்கம் வரவில்லை. நியாயம்தான். அந்தக் காலத்தில்தான் நான் உட்கார்ந்து படித்தேன். கொழும்பில் ஹைபிரிட் வேலை செய்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, வெட்கத்தை விட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிஸ்கட் தகரத்தை இனி யாருக்கும் குலுக்கிக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

டாக்டரம்மா சந்தனத்தை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. உடம்பு தேறிய பிறகு அவரையே காரோடும் அந்த வால்வோடும் என்னிடம் அனுப்பினார். அவனிடம் போக மாட்டேன் என்று சந்தனம் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பேச வாயிருந்திருக்காது. அவர் பார்க்கப் பார்க்க அந்த வால்வை இருந்த இடத்தில் பொருத்தினேன். ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அவர் உடனே ஏறவில்லை. முதலில் போய்ப் பாதி இறக்கியிருந்த இரும்புக் கதவை முழுக்க மேலே தூக்கிவிட்டார். பின்கதவையும் திறந்து, அடித்துக்கொள்ளாமல் ஒரு கல்லை எடுத்து வைத்தார். அதன் பிறகுதான் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

எஞ்சின் ஓடியது. நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. 

"இப்ப சொல்லுங்க பாஸ்" என்றார். "எதுக்கு அது காலையில ஓடுது?"

சொன்னேன். சைலன்சர் வழியில், புகையில் இருக்கிற நஞ்சை எரித்துச் சுத்தமாக்குகிற ஒரு பாத்திரம் இருக்கிறது. அது சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். கல் காயாமல் தோசை வார்க்க முடியாதல்லவா? அதைக் காய வைக்கவும், எஞ்சினையும் எண்ணெயையும் சூடாக்கி வைக்கவும்தான் முதலில் பெற்றோலில் ஓடுகிறது. பற்றரியில் சார்ஜ் குறைந்திருந்தாலும் ஓடும், ஹீட்டருக்குச் சூடு போதாவிட்டாலும் ஓடும். சூடானதும் அதுவாக நிற்கும். அது காய்வதற்கு முன்னால் வருகிற புகைதான் பொல்லாத புகை. அதனால் மூடிய இடத்தில் ஓட விடவே கூடாது. நிற்காமல் ஓடினால் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம், பொறுத்திருக்கக் கூடாது.

சந்தனம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "இவ்வளவுதானா? இது தெரிஞ்சிருந்தா எவ்வளவு மழை அடிச்சாலும் கதவைத் தொறந்து வச்சிருப்பேனே பாஸ்."

 வெட்கத்தை மறைக்க, பழைய கெத்தில் கொஞ்சம் அதட்டினேன். "அன்னைக்கு டாக்டரம்மா கேக்கிறப்போ நீயும் பக்கத்துலதானே நின்ன? ஏன் எதுக்குன்னு நீயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டிருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா பாஸ்?"

"தெரிஞ்சிருக்காதுய்யா" என்றேன். அத்தனை வருஷத்தில் இந்தக் கராஜில் நின்று ஒரு வாடிக்கையாளரிடம் எனக்குத் தெரியாது என்று நான் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.